நாய்க்கு, ஏஐக்கு, நமக்கு: புத்தியைச் சோதிப்பது எப்படி?

அழகர்கோவில் மலைக்குப் போகிற வழியில் குரங்கு கேரி பேக்கைப் பிடுங்கினால் "என்னா விவரம்யா இதுக்கு" என்கிறோம், போனில் ஏஐ நாலு வரி ஒழுங்காக எழுதினாலும் அதையேதான் சொல்கிறோம். அது விவரமா, வெறும் பழக்கமா என்று தெரிய வேண்டுமானால் ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, என்ன ஆகிறது என்று பாருங்கள்.

முதலில் நாய். (குரங்கு வேண்டாம், கடித்துவைக்கும்.) இரண்டு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் பிஸ்கட் வையுங்கள், ஆனால் இரண்டின் உட்புறத்திலும் பிஸ்கட்டைத் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் சோதிப்பது மூக்கைத்தான். பிஸ்கட் இருக்கிற பக்கம் கையைக் காட்டினால் வீட்டு நாய்கள் பெரும்பாலும் சரியாகப் போகும், சிம்பன்சிகளே தடுமாறுகிற இடம் இது. அப்புறம் கையைக் காட்டாமல் சும்மா நில்லுங்கள். அப்போதும் சரியாகவே போனால் உடனே புகழாதீர்கள், உங்கள் கண் அந்தப் பக்கம் போயிருக்கலாம். பிஸ்கட் எதில் இருக்கிறது என்று தெரியாத ஆளை நிறுத்தித் திரும்பச் செய்யுங்கள்.

இந்த ஜாக்கிரதையைக் கற்றுக்கொடுத்தது பெர்லினில் இருந்த ஹான்ஸ் என்ற குதிரை. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும், ஊரே வியந்தது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளர் சோதித்து 1907-ல் எழுதியது இதுதான்: கேட்கிறவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியாது. சரியான எண் வந்ததும் அவர் தலை தன்னை அறியாமல் லேசாக அசையும், அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. கணக்கு வராதுதான், ஆனால் அந்தக் கவனிப்பு நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

ஏஐக்கு நம் புலி, ஆடு, புல்லுக்கட்டு புதிரைக் கொடுங்கள். வைகையைக் கடக்க வேண்டும் (தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம்), ஆனால் பரிசலில் மூன்றையும் ஒரே நடையில் ஏற்றலாம் என்று மாற்றிவிடுங்கள். படித்ததை ஒப்பிக்கிற ஏஐ அப்போதும் "முதலில் ஆட்டைக் கொண்டுபோங்கள்" என்று ஆரம்பிக்கும். பதறாதீர்கள், புதிர் தெரிந்த பெரியவர்களும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள், பாதியில் "இருங்க, இருங்க" என்று நிறுத்துகிறார்களா என்பதைக் கவனியுங்கள்.

எல்லாவற்றிலும் நாம்தான் மேல் என்றும் இல்லை. திரையில் மின்னி மறையும் எண்களின் இடத்தை நினைவில் வைப்பதில் ஜப்பானின் அயுமு என்ற சிம்பன்சி கல்லூரி மாணவர்களையே முந்தியது, அந்த ஆய்வு வந்தது 2007-ல்.

அந்தப் புதிருக்கு ஏஐ சரியாகச் சொல்லிவிட்டால், பரிசலில் பழையபடி ஒரு நடைக்கு ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு இன்னொன்றை மாற்றுங்கள்: புலி சைவம். வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் "அப்ப அது புல்லத் திங்குமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஏஐ கேட்கிறதா என்று பாருங்கள்.