குடல் நரம்புக் குறை: மரபணு ஆலோசனைக்குப் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டியது

குழந்தைக்கு ஹிர்ஷ்ஸ்பிரங் நோய், அதாவது குடலின் ஒரு பகுதியில் நரம்புச் செல்கள் இல்லாத பிறவி நோய் என்று டாக்டர் சொன்னதும், "யாரால வந்தது?" என்று வீட்டில் ஒரு கேள்வி கிளம்பும். அணைக்கட்டுப் பக்கம் கிராம செவிலியராக இருக்கிற எனக்கு இது நன்றாகத் தெரியும். பெரும்பாலும் தாயைத்தான் கேட்பார்கள். கிரகணத்தில் வெளியே போனாளாம், பப்பாளி தின்றாளாம். இரண்டும் காரணமே இல்லை.

கருவின் ஐந்தாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை, நரம்புச் செல்கள் குடல் நெடுக மேலிருந்து கீழே இறங்கி வர வேண்டும். வழியில் நின்றுவிட்டால், அதற்குக் கீழே உள்ள குடல் சுருங்கியே கிடக்கும்; மலத்தைத் தள்ளாது. சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி ஆகிறது, ஆண் குழந்தைகளுக்கு அதிகம். அந்தச் செல்களை நடத்துகிற மரபணுக்களில் முக்கியமானது பத்தாவது குரோமோசோமில் உள்ள ரெட் (RET). இந்த நோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பை 1994இல் கண்டுபிடித்தார்கள்.

வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் மரபணுப் பிரிவு இருக்கிறது. போகும் முன் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று தலைமுறையை வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அக்கா மகளைக் கட்டியது, மாமன் மகளைக் கட்டியது எல்லாம் இரட்டைக் கோடு. இதைச் சொல்ல வெட்கப்படவே வேண்டாம். தாய் தந்தை இருவரிடமும் வெளியே தெரியாமல் ஒரே மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க அதுதான் உதவும். வயிறு உப்பி இறந்த குழந்தை, சின்ன வயதிலிருந்தே தீராத மலச்சிக்கல், பிறவியிலேயே காது கேட்காமை, நெற்றியில் வெள்ளை முடி, நீலக் கண், டவுன் சிண்ட்ரோம், தைராய்டு புற்றுநோய் என்று எது இருந்தாலும் குறியுங்கள். பாட்டியிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். பிறந்த சில நாளில் போன குழந்தைகளை அவர்தான் நினைவில் வைத்திருப்பார்.

அப்புறம், பயாப்ஸி (குடலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்த்த பரிசோதனை) ரிப்போர்ட்டையும் ஆபரேஷன் குறிப்பையும் எடுத்துப் போங்கள். நரம்பில்லாத பகுதி எவ்வளவு நீளம் என்பது அதில் இருக்கும். நீளம் கூடினால் அடுத்த பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு கூடும்.

ரெட்டில் மாற்றம் தெரிந்தால், "தைராய்டையும் பார்க்க வேண்டிய வகையா?" என்று கட்டாயம் கேளுங்கள். சில மாற்றங்கள் தைராய்டு புற்றுநோய்க்கும் வழி செய்யும். அதே மாற்றம் நோயே இல்லாத அப்பாவிடமோ அம்மாவிடமோ இருக்கலாம், அதனால் இருவரும் ரத்தம் கொடுக்க வேண்டிவரும். பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் மரபணுக் காரணம் இல்லை என்று ஆகிவிடாது. பல குழந்தைகளுக்குச் சின்னச் சின்ன மாற்றங்கள் பல சேர்ந்துதான் நோய் வருகிறது.

அடுத்த பிரசவத்தைக் குழந்தை அறுவைச் சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளையின் விவரத்தை லேபர் வார்டிலேயே சொல்லிவிடுங்கள். 24 மணி நேரத்தில் முதல் கரும்பச்சை மலம் போகவில்லை என்றாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பினாலோ, பாலைக் குடிக்கிறதே என்று காத்திருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.