ஃபேண்டஸி பேஸ்பால் லீக்ல ஆர்எஃப்ஏ ஏலம்: ரூல் எப்படி எழுதறது, பிட் எப்படி போடறது

ஃபேண்டஸி பேஸ்பால்னா நிஜ பேஸ்பால் பிளேயருங்கள நாமளே ஏலத்துல எடுத்து டீம் கட்டி, அவங்க நிஜ ஆட்டத்துல ஆடறத வச்சு நமக்குள்ள போட்டி போடறது. 2024 நவம்பர்ல ஜெட்டாவுல நடந்த ஐபிஎல் மெகா ஏலத்தப் பாத்தவங்களுக்கு இதுல பாதி ஏற்கனவே தெரியும். ரிஷப் பந்த்துக்கு லக்னோ 20.75 கோடி வரைக்கும் வந்தாங்க, டெல்லி ஆர்டிஎம் கார்டத் (பழைய டீம் அதே விலை குடுத்து ஆளத் திருப்பி எடுக்கற உரிமை) தூக்கினாங்க, உடனே லக்னோ ஒரே தாவா 27 கோடிக்குப் போய்ட்டாங்க, டெல்லி கைய விரிச்சிட்டாங்க. அதே ஏலத்துல அர்ஷ்தீப் சிங்குக்கு ஹைதராபாத் 15.75ல நின்னாங்க, பஞ்சாப் ஆர்டிஎம் போட்டதும் 18க்கு ஏத்தினாங்க, பஞ்சாப் அசராம 18 குடுத்து ஆள வச்சிக்கிட்டாங்க. அமெரிக்காவுல ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட், சுருக்கமா ஆர்எஃப்ஏன்னு சொல்றது கிட்டத்தட்ட இதேதான். பிளேயர் மார்க்கெட்டுக்கு வரான், யார் வேணா விலை பேசலாம், ஆனா கடைசி வார்த்தை பழைய ஓனரோடது.

வேடிக்கை என்னன்னா நிஜ மேஜர் லீக் பேஸ்பால்ல இந்த ஏற்பாடே கிடையாது, அங்க 6 வருஷ சர்வீஸ் டைம் (மேஜர் லீக் டீம்ல இருந்த காலம்) முடிஞ்சு காண்ட்ராக்டும் முடிஞ்சிட்டா ஆள் முழு ஃப்ரீ. இது என்பிஏ (கூடைப்பந்து), என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பால்), என்எச்எல் (ஐஸ் ஹாக்கி) இங்கெல்லாம் இருக்கற சமாச்சாரம், கீப்பர் லீக் (சில பிளேயர அடுத்த சீசனுக்கும் வச்சிக்கற லீக்) ஆடற ஃபேண்டஸி ஆளுங்க அங்கேர்ந்து கடன் வாங்கிட்டாங்க. அதுக்குக் காரணம் இருக்கு. 4 டாலருக்கு நீங்க கண்டுபிடிச்ச பையன் 3 வருஷத்துல ஸ்டார் ஆயிடறான், காண்ட்ராக்ட் முடிஞ்சதும் அவன சும்மா ஏலத்துல தூக்கிப் போட்டா உங்களுக்கு வயித்தெரிச்சல், அதே 4 டாலருக்கு ஆயுசுக்கும் நீங்களே வச்சிக்கிட்டா மத்த 11 பேருக்கு வயித்தெரிச்சல். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழிதான் ஆர்எஃப்ஏ.

நான் ஆடறது 12 டீம் கீப்பர் லீக், 3 வருஷமா கமிஷனர் வேலையும், அதாவது லீக்க நடத்தற வேலையும், என் தலைல. எங்க ரூல் புக்ல மத்த பக்கமெல்லாம் யாரும் படிக்கிறதுகூட இல்ல, இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் வருஷா வருஷம் சண்டை. அதுல நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான், மேட்ச் பண்ற உரிமை சும்மா குடுக்கற பரிசு. வெளியாள் உக்காந்து கணக்குப் போட்டு விலை சொல்றான், ஓனர் கால் மேல கால் போட்டுக்கிட்டு "சரி, அதே விலை எனக்கு"ங்கறான். ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு. ரெண்டு தடவ இப்படி ஆச்சுன்னா மூணாவது தடவ எவனும் பிட் போட வரமாட்டான். அதனால இந்த ஏரியாவுல எந்த ரூல் எழுதினாலும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, இது இருந்தா வெளியாள் துணிஞ்சு பிட் போடுவானா?

அடிப்படைய வேகமா சொல்லிடறேன். 1980ல டேனியல் ஓக்ரென்ட்டும் சிநேகிதங்களும் நியூயார்க்ல ஆரம்பிச்ச ரோடிஸரிங்கற ஃபேண்டஸி லீக்லேர்ந்து வந்த பட்ஜெட்தான் எங்களுதும், டீமுக்கு 260 டாலர், 23 பேர். ஏலத்துல எடுத்த ஆளுக்கு 3 வருஷம் அதே சம்பளம். மூணாவது சீசன் முடிஞ்சா அவன் ஆர்எஃப்ஏ.

முதல் படி டெண்டர். பிப்ரவரி 1க்குள்ள ஓனர் "இவன் மேல எனக்கு உரிமை வேணும்"னு எழுதிக் குடுக்கணும், கூடவே ஒரு தொகை. எங்களுக்குப் பழைய சம்பளம் பிளஸ் 5, ஆனா குறைஞ்சது 10. 22 டாலர் ஆளுன்னா 27, 4 டாலர் ஆளுன்னா 10. அதுதான் ஓனரோட பிட், ஏலம் அங்கேர்ந்துதான் தொடங்கும், வேற யாருமே வரலன்னா அந்த விலைக்கு ஒரு வருஷம் அவனே வச்சிக்கணும், பின்வாங்க முடியாது. டெண்டருக்குக் காசு வைக்கலன்னா எல்லாரும் எல்லா ஆளுக்கும் துண்டு போட்டு சீட்டு பிடிப்பாங்க, அதுக்குத்தான் இது. டீமுக்கு 3 டெண்டருக்கு மேல கிடையாது. டெண்டர் வராத ஆள் மார்ச் ஏலத்துக்கு சாதாரணமா போயிடுவான். இன்னொண்ணு, கீப்பர் லிஸ்ட்டும் அதே தேதில பூட்டிடணும். இல்லன்னா மேட்ச் பண்ண காசு பத்தலன்னதும் ஓனர் ஒரு கீப்பரக் கழட்டி விட்டுட்டு வந்து நிப்பான், அவன் கைல எவ்வளவு இருக்குன்னு கணக்குப் போட்டு பிட் போட்டவன் ஏமாந்து போவான்.

அடுத்தது திறந்த ஏலமா, மூடின கவரா. இதுல ஊருக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும். மூடின பிட் எப்படிப் போகும்னு பாக்கணும்னா பழைய ஜப்பான் போஸ்டிங் சிஸ்டம் (ஜப்பான் டீம்ல இருக்கற பிளேயரோட பேசற உரிமைக்கு அமெரிக்க டீமுங்க மூடின பிட் போடறது) போதும். 2006 நவம்பர்ல பிட்சர் டைசுகே மட்சுசாகாவுக்கு பாஸ்டன் ரெட் சாக்ஸ் போட்ட பிட் 5 கோடியே 11 லட்சத்து 11 ஆயிரத்து 111 டாலர், மேல 11 சென்ட். அது அவரோட சம்பளம்கூட இல்ல, அவரோட பேச மட்டும் அவர் ஆடின ஜப்பான் டீம் செய்பு லயன்ஸுக்குக் குடுத்த காசு, காண்ட்ராக்ட் தனியா 6 வருஷம் 52 மில்லியன். ரெண்டாவது ஆள் எங்க நிக்கிறான்னு தெரியலன்னா கை தானா மேல போகும். அந்த சில்லறைய கவனிச்சீங்களா, ரவுண்டா போட்டா இன்னொருத்தரும் அதே ரவுண்டுல வந்து டை ஆகலாம், அதனால மூடின பிட்டுன்னா 30 போடறதுக்கு பதிலா 31 போடறது எப்பவும் நல்லது. 2013க்கு அப்புறம் அந்த பிட் முறையவே எடுத்துட்டு 20 மில்லியன் உச்சவரம்புன்னு மாத்தினாங்க, பின்னால அதுவும் போச்சு.

ஜெயிச்சவன் ரெண்டாவது பிட்டுக்கு மேல 1 டாலர் குடுத்தா போதும்னு வச்சா மூடின ஏலத்துல இந்த வலி குறையும், ஆனா ஆர்எஃப்ஏல ஒரு சிக்கல் வரும், கமிஷனர் தெரியாம உச்ச பிட்ட வெளிய சொல்லிட்டாருன்னா போச்சு, ஓனர் மேட்ச் பண்ண வேண்டியது விலையத்தான், மனசுல இருந்த உச்சத்த இல்ல. அதுக்கு மேல கமிஷனரும் ஒரு டீம் வச்சிருக்காரே, கவரப் பிரிக்கிறவரே பிட்டும் போடலாமா? அந்த ஆள் மேல ஆசை இல்லாத ஒருத்தர்தான் பிரிக்கணும். எங்களால இதெல்லாம் கட்டி மேய்க்க முடியல, திறந்த ஏலத்துக்கு வந்துட்டோம். பிட் விழுந்து 24 மணி நேரம் யாரும் ஏத்தலன்னா முடிஞ்சது. 20 வரைக்கும் 1 டாலர் ஏத்தலாம், 20க்கு மேல 2 டாலர். கொஞ்சம் இழுக்கும்தான், பரவால்ல, பிப்ரவரில வேற என்ன வேலை.

காசுக் கணக்குதான் புதுசா வர்றவங்க மாட்டிக்கிற இடம், இத நிதானமா பாருங்க. உங்ககிட்ட 9 கீப்பர், மொத்த சம்பளம் 141. மிச்சம் 119, காலி இடம் 14. ஒவ்வொரு காலி இடத்துக்கும் 1 டாலராவது ஒதுக்கணும், அதனால ஒரு ஆளுக்கு நீங்க போடக்கூடிய உச்ச பிட் 119ல 13 போக 106. இப்ப ரெண்டு ஆர்எஃப்ஏ மேல உங்க பிட்தான் முன்னால நிக்குது, 38ம் 27ம். ஏலம் முடியலன்னாலும் அந்த 65 கட்டுண்ட காசு. மிச்சம் 54, இடம் 12, இனிமே உச்ச பிட் 43. "அது இன்னும் முடியலயே, அத ஏன் கழிக்கிறீங்க"ன்னு கேக்கறவங்க இருக்காங்க. கழிக்கலன்னா ஒரே 50 டாலர வச்சிக்கிட்டு அஞ்சு பேர் மேல பிட் போடுவாங்க, அஞ்சும் விழுந்துட்டா யார் வீட்டுல போய் காசு கேக்கறது?

இப்ப மேட்ச். 48 மணி நேரம், பதில் வரலன்னா "வேணாம்"னு அர்த்தம். நிஜ லீக்குகள்ல இது ஊருக்கு ஊர் மாறும், என்எஃப்எல்ல 5 நாள், என்எச்எல்ல 7 நாள். முதல் வருஷம் நாங்க அதே விலைக்கு மேட்ச்னு வச்சோம், பாதி ஆளுங்களுக்கு வெளிலேர்ந்து ஒரு பிட்கூட வரல, டெண்டர் விலையோட தூங்கிட்டாங்க. அப்புறம் மாத்தினோம், ஓனர் மேட்ச் பண்ணணும்னா 10 சதவீதம் மேல குடுக்கணும், மேல் பக்கமா ரவுண்டு. பிட் 34னா ஓனருக்கு 38. நாலே டாலர்தான், ஆனா ஏலமே உயிர் வந்த மாதிரி ஆயிடுச்சு. ஐபிஎல் மாதிரி கடைசியா ஒரு ஏத்து குடுக்கலாமேன்னு ஒரு நண்பர் கேட்டார். செய்யலாம், ஆனா அப்ப எல்லாரும் முதல்ல அடக்கி வாசிச்சிட்டு நிஜ விலைய அந்தக் கடைசி ஏத்துலதான் காட்டுவாங்க, எனக்கு அது பிடிக்கல.

ஆள விட்டுக் குடுத்த ஓனருக்கு டிராஃப்ட் பிக் (புது ஆளத் தேர்ந்தெடுக்கற வாய்ப்பு) நஷ்ட ஈடா குடுக்கற லீக்கும் உண்டு. 10 சதவீதமும் வச்சு இதையும் வச்சீங்கன்னா ஒரு கையால குடுத்து மறு கையால பிடுங்கற மாதிரி, ஏதாவது ஒண்ணு மட்டும் வைங்க. என்எச்எல்ல இப்படி பிக் குடுக்கணும்னு இருக்கறதும் ஒரு காரணம், அங்க ஆர்எஃப்ஏக்கு வெளிலேர்ந்து ஆஃபர் வர்றதே அபூர்வம்.

பிட்டோட எந்த நிபந்தனையும் ஒட்டக் கூடாது, வெறும் டாலர் மட்டும்தான். இத கண்டிப்பா எழுத்துல வைங்க. 2006ல என்எஃப்எல்ல மினசோட்டா வைக்கிங்ஸ், சியாட்டில் ஆளு ஸ்டீவ் ஹட்சின்சனுக்கு 7 வருஷம் 49 மில்லியன் குடுத்து, "டீம்ல அதிக சம்பளம் வாங்கற லைன்மேன் இவர் இல்லன்னா முழுப் பணமும் கேரண்டி"ன்னு ஒரு வரி சேத்துட்டாங்க. சியாட்டில்ல அவர விட அதிகம் வாங்கறவர் ஒருத்தர் ஏற்கனவே இருந்தார், மேட்ச் பண்ணவே முடியல. சியாட்டில் சும்மா விடுவாங்களா, வைக்கிங்ஸ் ஆளு நேட் பர்லிசனுக்கு அதே 7 வருஷம் அதே 49 மில்லியன் போட்டு, "மினசோட்டா மாநிலத்துல ஒரு சீசன்ல 5 ஆட்டம் ஆடினா முழு கேரண்டி"ன்னு எழுதிட்டாங்க, வைக்கிங்ஸோட சொந்த மைதானமே அங்கதான். கேக்க நல்லா இருக்கு, ஆனா உங்க லீக்ல நடந்தா வாட்ஸ்அப் குரூப் ரெண்டாயிடும்.

சரி, ரூல் இருக்கு, பிட் எவ்வளவு போடறது? ஃபேண்டஸி வெப்சைட்ல பிளேயருக்குப் போட்டிருக்கற டாலர் மதிப்ப அப்படியே எடுத்துக்காதீங்க, அது கீப்பர் இல்லாத லீக்குக்கு. 12 டீம், மொத்தம் 3120 டாலர். கீப்பருங்க வாங்கற சம்பளம் 1100, ஆனா அவங்க நிஜ மதிப்பு 1600னு வைங்க. அப்ப வெளிய மிச்சம் இருக்கற சரக்கு 1520க்குத்தான், அத வாங்கக் காத்திருக்கற காசு 2020. வகுத்தா 1.33. அதாவது 30 டாலர்னு போட்டிருக்கற ஷார்ட்ஸ்டாப் பிளேயர் உங்க லீக்ல 40. இந்தக் கணக்கு தெரியாதவன் 32ல நிறுத்திட்டு "பைத்தியக்காரனுங்க"ன்னு திட்டிக்கிட்டு இருப்பான், மார்ச் ஏலத்துல அதே பைத்தியக்காரனுங்களோட மிச்ச சில்லறைக்கு அடிச்சிக்குவான்.

ஆளோட மதிப்ப விட முக்கியம் ஓனரோட பர்ஸ். 2024 ஆகஸ்ட்ல என்எச்எல் டீம் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் என்ன பண்ணாங்கன்னா, சம்பள வரம்பு முட்டி நின்ன எட்மண்டன் மேல ஒரே நேரத்துல ரெண்டு ஆஃபர் வீசினாங்க, பிலிப் ப்ரோபெர்க்குக்கு ஒண்ணு, டிலன் ஹாலோவேக்கு ஒண்ணு. எட்மண்டன் ரெண்டையும் மேட்ச் பண்ணல, ரெண்டு பேரும் போய்ட்டாங்க. நம்ம லீக்லயும் அதேதான், ஒருத்தருக்கு ரெண்டு ஆர்எஃப்ஏ இருந்து காசு ஒருத்தனுக்குத்தான் பத்தும்னா, ரெண்டு ஏலமும் ஒரே நாள்ல முடியற மாதிரி பிட் போடுங்க. ஒண்ணொண்ணா போனீங்கன்னா அவனுக்கு யோசிக்க நேரம் கிடைச்சிடும்.

சும்மா விலைய ஏத்தி விடறதுக்குன்னு பிட் போடறீங்களா, ஜாக்கிரதை. போன வருஷம் ஒரு நண்பரோட க்ளோசர் (ஆட்டத்தோட கடைசில வந்து வெற்றியக் காக்கற பிட்சர்) 14ல இருந்தான், "எப்படியும் மேட்ச் பண்ணுவான், கொஞ்சம் காசு கழியட்டும்"னு நான் 19 போட்டேன். யாரும் ஏத்தல. 24 மணி நேரம் முடிஞ்ச பத்தாவது நிமிஷம் "வாழ்த்துக்கள், உனக்கே"ன்னு மெசேஜ். தலைல கட்டிட்டான். மே மாசம் அந்த க்ளோசர் முழங்கைல ஆபரேஷன்னு போய் படுத்துட்டான், செப்டம்பர் வரைக்கும் எனக்கு சேவ்ஸ்ல (க்ளோசர் அப்படிக் காத்த ஆட்டங்களோட கணக்கு) கடைசி இடம். அந்த விலைக்கு ஆள் நிஜமாவே உங்க கைல விழுந்தா சந்தோஷமா இருப்பீங்களான்னு கேட்டுக்கிட்டு பிட் போடுங்க.

கடைசியா நேரம். "11 மணி"ன்னு மட்டும் எழுதாதீங்க, ராத்திரி 11 மணி ஈஸ்டர்ன் டைம்னு எழுதுங்க. எங்க லீக்ல கலிஃபோர்னியா ஆள் ஒருத்தர் அவர் ஊர் 10.40க்கு மேட்ச் சொன்னார், நியூயார்க்ல அப்ப நடுராத்திரி தாண்டி 1.40. ரெண்டு நாள் பஞ்சாயத்து. இப்ப ரூல்ல ஒரே வரி, கணக்கு குரூப்ல மெசேஜ் விழுந்த நேரம்தான், போன்ல சொன்னது, தனியா அனுப்பினது எதுவும் செல்லாது. பிட் போட்டா பேர், தொகை, போட்டதுக்கப்புறம் மிச்சம் இருக்கற உச்ச பிட், இந்த மூணையும் ஒரே மெசேஜ்ல போடணும், எடிட் பண்ணின மெசேஜ் கணக்குல வராது.