பனியில் நைட்ரோ வண்டி: சூட்டைக் காப்பாற்றுங்கள்

நைட்ரோ ஆர்சி வண்டி, அதாவது மெத்தனால் கலந்த நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் கண்ட்ரோல் வண்டி, வைத்திருக்கும் பலர் நவம்பர் வந்ததும் அதைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அப்போதுதான் சீசன் தொடங்கும். நாங்கள் இருப்பது கனடாவின் ஒன்டாரியோவில், பாரி நகரத்துப் பக்கம். ஜார்ஜியன் வளைகுடா மேலிருந்து வரும் காற்று இங்கே பனியை அள்ளிக் கொட்டும். புதுப்பனி விழுந்த வயலில் டி-மேக்ஸ் 3.3 என்ற நைட்ரோ வண்டி நாலு சக்கரத்தாலும் பனியை வாரி இறைத்துக்கொண்டு ஓடுவதை ஒருமுறை பார்த்துவிட்டால் கோடை ஓட்டம் சப்பென்று ஆகிவிடும்.

ஆனால் கோடைப் பழக்கத்தை அப்படியே பனிக்குக் கொண்டுபோகக் கூடாது. குளிரில் எல்லாம் ஒரே விஷயத்தில் வந்து நிற்கிறது: இன்ஜினுக்குள் சூடு தங்க வேண்டும்.

நம் இன்ஜின்களில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. பிஸ்டன் ஓடும் பித்தளைக் குழாயான ஸ்லீவ் மேலே போகப் போகக் கொஞ்சம் குறுகும். சூடேறும்போது பிஸ்டனைவிட ஸ்லீவ் அதிகம் விரிவதால் இரண்டும் சரியாகப் பொருந்தும். ஜில்லென்று இருக்கும் இன்ஜினின் ஃப்ளைவீலை விரலால் திருப்பிப் பாருங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் கவ்விப் பிடிக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் எல்லா அடியையும் வாங்கும். எரிபொருளும் ஒத்துழைக்காது. மெத்தனால் 11 டிகிரிக்குக் கீழே போனால் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாவதில்லை.

அதனால் முதல் வேலை, இன்ஜினைச் சூடாக்குவது. வீட்டு வாசல் என்றால் ஹேர் டிரையர் போதும். வயலுக்குப் போனால் பேட்டரியில் ஓடும் ஹீட் கன். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைத் தொட்டால் விரலை வைத்திருக்க முடியாத அளவு, சுமார் 65, 70 டிகிரி வரும்வரை காட்டுங்கள். இதை டேங்க் காலியாக இருக்கும்போதே செய்து முடித்து, கருவியைத் தள்ளி வைத்த பிறகுதான் எரிபொருள் ஊற்ற வேண்டும். மெத்தனால் பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே தெரியாது. எரிபொருள் பாட்டிலைப் பழைய துணியில் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போகிறேன். வீட்டுச் சூடு கொஞ்ச நேரம் நிற்கும். எரிபொருளில் கலந்திருக்கும் எண்ணெய் குளிரில் கெட்டிப்படும் என்பதால் ஊற்றும் முன் குலுக்குங்கள். ஸ்டார்ட் செய்ய க்ளோ ப்ளக்கின் கம்பியைச் சூடாக்கும் இக்னைட்டரின் இடம் ஜாக்கெட்டின் உள் பாக்கெட். பேட்டரி குளிர்ந்தால் கம்பி சிவக்காது. ப்ளக்கையும் ஒரு படி சூடான வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

புது இன்ஜினை மட்டும் குளிரில் பழக்கப்படுத்தவே வேண்டாம். வசந்தம் வரட்டும்.

இன்ஜின் பிடித்துக்கொண்டது, சரி. அடுத்தது டியூனிங். பலர் தடுமாறுவது இங்கேதான். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, ஆக்சிஜன் அதிகம். அதற்கு ஈடாக எரிபொருளும் அதிகம் போக வேண்டும். கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஹை ஸ்பீட் ஊசியை எட்டில் ஒரு பங்கு சுற்று திறந்து தொடங்குங்கள். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு தொடாமலே வெப்பம் அளக்கும் டெம்ப் கன்னை க்ளோ ப்ளக் பக்கம் பிடித்தால் 70 டிகிரிதான் காட்டும். உடனே ஊசியை இறுக்கிச் சூடேற்றக் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். எரிபொருளோடு போகும் எண்ணெய்தான் இந்த இன்ஜினுக்கு மசகு. எரிபொருளைக் குறைத்தால் எண்ணெயும் குறையும், பிஸ்டன் உரசித் தேயும்.

சூட்டை ஊசியால் தேடாமல் போர்வையால் தேடுங்கள். சமையலறை அலுமினியம் ஃபாயிலை இரண்டாக மடித்து, ஹெட்டின் கீழ்ப்பாதித் துடுப்புகளைச் சுற்றிக் கட்டுங்கள். மறுபடி ஓட்டி அளந்து பாருங்கள். 95க்கு மேல் போகவில்லை என்றால் இன்னும் இரண்டு துடுப்பு மூடுங்கள். 115ஐத் தாண்டினால் கொஞ்சம் பிரியுங்கள். காற்றுக்காக பாடியின் முன்கண்ணாடியை வெட்டியிருந்தால் அதையும் டேப் போட்டு அடைத்துவிடுங்கள்.

புகையைப் பார்த்து டியூன் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குளிரில் எக்ஸாஸ்டிலிருந்து வரும் நீராவியும் வெள்ளையாகத் தெரியும். அதைப் பார்த்து எண்ணெய் நிறையப் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். நீராவி சட்டென்று கலைந்துவிடும். எண்ணெய்ப் புகை லேசான நீலமாக, வண்டி போன பின்னும் கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டிருக்கும். முழு வேகத்தில் அந்த நீலக்கோடு தெரிய வேண்டும்.

அடுத்த எதிரி தண்ணீர். ஏர் ஃபில்டரில் ஒட்டும் பனி உருகி ஃபோமுக்குள் இறங்கினால் இன்ஜின் மூச்சுத் திணறும். எண்ணெய் தடவிய ஃபில்டர் மேல் பழைய நைலான் காலுறைத் துண்டை இழுத்துக் கட்டுங்கள். நிறுத்தும்போதெல்லாம் பனியைத் தட்டிவிட வேண்டும். ரிசீவரை பலூனுக்குள் விட்டு, ஒயர்கள் வெளிவரும் வாயை ஜிப் டையால் கட்டிவிடுங்கள். சிக்னல் போனால் வேலை செய்யும் ஃபெயில்சேஃப் பிரேக்கில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். அது இல்லாமல் சிக்னல் போன நைட்ரோ வண்டி தானாக நிற்காது.

டயருக்குப் பெரிய ரகசியம் இல்லை: ஆழமான பொடிப்பனிக்குத் துடுப்பு போன்ற பட்டைகள் உள்ள பேடில் டயர், இறுகிய பனிக்கும் ஐஸுக்கும் ஆணி டயர். ரிம்முக்குள் பனி அடைந்தால் வண்டி உதறும், ரிம்மின் வெளிப்பக்கத்தை டேப்பால் மூடிவிடுங்கள். ஷாக் எண்ணெய் 40 போட்டிருந்தால் 30க்கு இறங்குங்கள். சக்கரங்களைத் தாங்கும் நைலான் ஆர்ம்கள் குளிரில் எளிதில் முறிந்துவிடும். மாட்டும் முன் அவற்றைக் கொதிநீரில் கொஞ்ச நேரம் வேகவைத்தால் ஈரத்தை உறிஞ்சி இளகும்.

இடம் பற்றி இரண்டே சொல். உப்புப் போட்ட பார்க்கிங் லாட் வேண்டாம், பேரிங்கை அரித்துவிடும். உறைந்த ஏரியும் வேண்டாம். வண்டி நடுவில் நின்றுவிட்டால் எடுக்கப் போவது நீங்கள்தான்.

முடித்ததும் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக அணையும்வரை ஓட விடுங்கள். மிச்சமிருக்கும் மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து பேரிங்கைத் துருவாக்கும். வெளியிலேயே பனியைத் தட்டி எடுங்கள். சூடு ஆறுமுன் ப்ளக்கைக் கழற்றி, அந்தத் துளையிலும் கார்புரேட்டரிலும் ஓட்டிய பின் துருவைத் தடுக்க விடும் ஆஃப்டர்-ரன் ஆயில் சில துளி விட்டு, ஃப்ளைவீலைப் பலமுறை சுற்றுங்கள். அப்புறம்தான் வீட்டுக்குள். குளிர்ந்த உலோகம் சூடான அறைக்கு வந்ததும் உள்ளேயும் வியர்க்கும், அதற்குள் எண்ணெய்ப் படலம் பரவியிருக்க வேண்டும். கடைசியாக பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள். உச்சியில் விட்டால் அடுத்த முறை ஃப்ளைவீல் அசையாது.