விக்கம் சொன்னதை எலிசபெத் ஏன் நம்பினாள்? பென்சிலோடு ஒரு வாசிப்பு

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 1813-ல் வந்த நாவல். முதல் தடவை காதல் கதையாகவே படித்து முடித்துவிடுங்கள். இரண்டாம் தடவைக்குப் பென்சில் வேண்டும். ஒருவர் இன்னொருவரைப் பற்றி எதைச் சொன்னாலும் ஓரத்தில் மூன்று குறிப்பு எழுதுங்கள்: சொன்னது யார், அவருக்கு எப்படித் தெரியும், அதில் அவருக்கு என்ன லாபம். என் பிரதியில் ‘யா, எ, லா’ என்று சுருக்கி எழுதியிருக்கிறேன். சில பதிப்புகள் மூன்று பாகமாகி, அத்தியாய எண் ஒவ்வொன்றிலும் புதிதாகத் தொடங்கும். நான் சொல்லும் எண்கள் 61 அத்தியாயத் தொடர் எண்கள்.

மூன்றாம் அத்தியாய நடன விருந்தில் தொடங்குங்கள். கதாநாயகன் டார்சி உள்ளே வந்த ஐந்து நிமிடத்துக்குள் அவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானம் என்ற பேச்சு கூடம் முழுக்கப் பரவிவிடுகிறது. பாதி மாலை வரை அவர் அழகர். அப்புறம் யாரோடும் ஒட்டாத கர்வி என்று பெயர். சொத்துக் கணக்கை முதலில் சொன்னது யார்? பெயரே இல்லை. ‘யா’ கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

பதினாறாம் அத்தியாயத்தை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள். டார்சியின் தந்தை ஆதரவில் வளர்ந்த விக்கம் எடுத்தவுடன் குறை சொல்வதில்லை. டார்சி இங்கே வந்து எத்தனை நாளாகிறது என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறான். அவரை நன்றாகத் தெரியுமா என்று கதாநாயகி எலிசபெத்திடம் ஆழம் பார்க்கிறான். அவளுக்கு டார்சியைப் பிடிக்காது என்று உறுதியான பிறகுதான், தனக்கு வரவேண்டிய பாதிரியார் பதவியை அவர் தடுத்துவிட்டார் என்ற கதை வெளியே வருகிறது. டார்சியின் தந்தையை மறக்கும்வரை மகனை அம்பலப்படுத்த மாட்டேன் என்கிறான், அம்பலப்படுத்திக்கொண்டே! அடுத்த அத்தியாயத்தில் எலிசபெத் தரும் சாட்சி, அவன் முகத்திலேயே உண்மை தெரிந்தது என்பது. ‘எ’ கட்டத்தில் ‘முகம்’ என்று எழுதுங்கள். சிரிப்பு வரும்.

டார்சியும் யோக்கியமில்லை. எலிசபெத்தின் அக்கா ஜேனின் முகம் அமைதியாக இருப்பதைப் பார்த்து அவளுக்குத் தன் நண்பர் பிங்லி மேல் ஆசையில்லை என்று முடிவுகட்டியவர் அவர்தான். மனதில் இருப்பதை ஜேன் கொஞ்சம் வெளியே காட்டினால் தேவலை என்று ஆறாம் அத்தியாயத்திலேயே எலிசபெத்தின் தோழி ஷார்லட் சொல்லியிருப்பாள். அதையும் குறித்துவையுங்கள்.

புகழ்ச்சிக்கும் இதே சோதனைதான். 43-ஆம் அத்தியாயத்தில் டார்சி வீட்டுப் பொறுப்பாளர் திருமதி ரெனால்ட்ஸ் அவரை வாயாரப் புகழ்கிறார். சம்பளக்காரர், அதனால் ‘லா’ கட்டத்தில் ஒரு சந்தேகக்குறி. ஆனால் டார்சியின் நான்கு வயதிலிருந்தே அவரைத் தெரியும் என்கிறார்; கேட்பவர்களோ வீட்டைச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள். 44-ல் பக்கத்து ஊர்க்காரர்கள் டார்சிக்குக் கர்வம் என்கிறார்கள். அவர்களுக்கே தெரிந்த இன்னொன்று, விக்கம் வைத்துவிட்டுப் போன கடன்களை அவர்தான் அடைத்தார் என்பது. இப்படிச் சம்பந்தமில்லாத வாயிலிருந்து வரும் சாட்சிக்கு அடிக்கோடு போடுங்கள்.

கடைசியாக 24-ஐயும் 48-ஐயும் அடுத்தடுத்துப் படியுங்கள். முதலாவதில், ஒன்றும் தெரியாதபோதே டார்சியைத் தங்களுக்குப் பிடிக்காமல் இருந்தது என்று எலிசபெத்தின் ஊரே மகிழ்ந்துகொள்கிறது. இரண்டாவதில் விக்கம் எலிசபெத்தின் தங்கை லிடியாவோடு ஓடிப்போனதும் அதே ஊர், அவன் நல்லவன்போல் தெரிந்ததைத் தாங்கள் அப்போதே நம்பவில்லை என்கிறது.