மகாபாரத நாவலா? முதல் நூறு பக்கத்தில் இதைப் பாருங்கள்

பாரதத்தை மறுபடி எழுதிய நாவலைப் பிரித்தால் நாலாவது பக்கத்திலேயே "மூலத்துல இப்படி இல்லையே" என்று மனசு முரண்டு பிடிக்கும். முதலில் அதை ஓரங்கட்டுங்கள். நாம் மூலம் என்று நம்புவதில் பாதி, கூத்திலும் டிவி தொடரிலும் கேட்டதுதான். மயன் கட்டிய மண்டபத்தில் துரியோதனன் தண்ணீரில் விழ, "குருடன் மகனும் குருடன்" என்று திரௌபதி சிரிக்கிறாளே, அந்த வசனம் வியாச பாரதத்தில் கிடையாது. போருக்கு முன்னால் அர்ஜுனன் மகன் அரவான் களப்பலி ஆவது தமிழ் மரபு வளர்த்த கதை. வடமொழியில் அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையால் சாகிறான். சுவடிக்குச் சுவடி இத்தனை பாடபேதம் (வாசக வேறுபாடு) இருந்ததால்தான் புனேயில் பண்டார்கர் நிறுவனம் சுவடிகளை ஒப்பிட்டு ஆய்வுப் பதிப்பை முடிக்க 1966 வரை ஆனது. ஆக, மாற்றிவிட்டார் என்று கோபப்படுவதை விட்டுவிட்டு, மாற்றி என்ன சாதித்தார் என்று பாருங்கள்.

அதற்கு நல்ல இடம் தொடக்கம். கதை எல்லோருக்கும் தெரியும், அதனால் எங்கே கதவைத் திறப்பது என்பதிலேயே நாவலாசிரியர் தன் கட்சியைச் சொல்லிவிடுகிறார். எம்.டி. வாசுதேவன் நாயரின் 'இரண்டாம் இடம்' (மலையாளத்தில் 1984) துவாரகையைக் கடல் கொண்டபிறகு, பாண்டவர்களின் கடைசிப் பயணத்தில் தொடங்கி, பீமனின் பார்வையில் பின்னோக்கிப் போகிறது. எல்லாம் முடிந்தபிறகு ஒருவன் கணக்குப் பார்க்கிறான் என்பது அங்கேயே புரிந்துவிடும். எஸ்.எல். பைரப்பாவின் 'பருவம்' (கன்னடத்தில் 1979) அஸ்தினாபுரத்தை விட்டுவிட்டு மத்ர நாட்டில், நகுல சகாதேவரின் தாய்மாமனான வயதான சல்லியன் வீட்டில் ஆரம்பிக்கிறது. யார் பக்கம் போவது என்று ஒரு கிழவர் தவிக்கிற இடத்திலிருந்து பார்க்கும்போது போரே வேறு மாதிரி தெரியும்.

அப்புறம் அற்புதங்கள். குந்திக்கு யமனும் வாயுவும் இந்திரனும் பிள்ளை கொடுத்த இடம் எப்படி வருகிறது? பைரப்பா தேவர்களை இமயத்தில் வாழும் மனிதக் கூட்டமாக்கி, நியோகத்தை, அதாவது கணவன் அல்லாத ஒருவர் மூலம் பிள்ளை பெறுவதை, சமூக வழக்கமாக எழுதுகிறார். சாமியைக் கழற்றிவிட்டாலே நவீனம் என்று சிலர் நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கழற்றிய இடத்தில் என்ன வைத்தார் என்பதுதான் கேள்வி, வெற்றிடமாக விட்டிருந்தால் புத்தகம் சப்பென்று இருக்கும்.

பெயர்க் குழப்பத்துக்குப் பயப்பட வேண்டாம். பார்த்தன், தனஞ்சயன், பல்குணன் எல்லாம் அர்ஜுனன்தான், பின்னட்டைக்குள் ஒரு வம்ச மரம் கிறுக்கிவைத்தால் போதும்.

நூறு பக்கம் ஆனதும், மற்றவர்கள் விமர்சனத்தைத் தேடும் முன், இரண்டு விஷயம் எழுதிவையுங்கள்: யார் மீது உங்களுக்கு எதிர்பாராமல் இரக்கம் வந்தது, சூதாட்டச் சபையை இவர் எப்படி எழுதுவார் என்று நினைக்கிறீர்கள். இரண்டாவதை ஊகிக்கவே ஆசை வரவில்லை என்றால் தயங்காமல் மூடிவைத்துவிடலாம்.