பின் சக்கரம் தொங்கும்போது வந்த 'டக் டக்'

கரடுமுரடான தரையில் ஓட்டும் என் பக்கி வண்டியின் பின்பக்கத்துக்கு நீளமான டிரெய்லிங் ஆர்மும் (சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) காயில்ஓவர் ஷாக்கும் (ஸ்பிரிங் சுற்றிய ஷாக் அப்சார்பர்) போட்டதிலிருந்து, மேட்டில் ஏறிக் குதித்துச் சக்கரம் தொங்கும் நேரத்தில் 'டக் டக்' என்று அடித்தது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஷாக் மேல்தான் சந்தேகம். ஷாக் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷாக்கிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஆர்மை ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஒவ்வொரு அங்குலத்துக்கும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் இருந்தால் இது நடக்காது. கடைசி 2 அங்குலத்தில் சக்கரம் கரகரவென்று இறுகியது. சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் அச்சில் உள்ள வளையும் மூட்டான சிவி ஜாயின்ட்டின் கோணம் எல்லை மீறி, உள்ளே இருக்கும் கூண்டு ஓரத்தில் இடிக்கிறது.

இதற்கு மருந்து லிமிட் ஸ்ட்ராப், அதாவது ஆர்ம் அளவுக்கு மேல் தொங்காமல் பிடித்துக்கொள்ளும் பட்டை. இறுகும் இடத்துக்குச் சரியாக அளந்து கட்டினால் போதாது; நைலான் பட்டை பாரம் விழுந்தால் நீளும். அதனால் ஓர் அங்குலம் குட்டையாகவே கட்டினேன். மேல்பக்கம், ஷாக் உள்ளுக்குள் முட்டுவதற்கு முன்பே தொடும்படி பம்ப் ஸ்டாப் என்ற முட்டுத்தடுப்பு வைத்தேன். அப்புறம் ஸ்பிரிங்கைப் போட்டு, ஆள் உட்கார்ந்த நிலையில் மொத்த அசைவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்கரம் கீழிறங்க மிச்சம் இருக்கும்படி பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) திருகினேன். ஷாக் எவ்வளவு வேகமாக அசையலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் டேம்பிங்கைக் கடைசியில்தான் தொட்டேன்.

அசைவு கொஞ்சம் குறைந்துவிட்டது, சரி. சத்தம் போய்விட்டது.