இரண்டு காலண்டர், ஒரு வீடு: பிள்ளைகளோடு இறையியல் படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் 30 கிலோமீட்டர்தானே, வீட்டிலிருந்தே போய் வந்து பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) முடித்துவிடலாம் என்றுதான் எங்கள் பக்கத்தில் கணக்குப் போடுவார்கள். நானும் போட்டேன். நெய்யாற்றின்கரையிலும் பாலராமபுரத்திலும் பஸ் முக்கி முனகி நகரும் நேரம் அந்தக் கணக்கில் இல்லை.

அதைவிடப் பெரிய அடி காலண்டரில் விழுந்தது. கல்லூரி கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், பிள்ளைகளின் பள்ளி இந்தப் பக்கம். ஓணத்துக்கு அங்கே பத்து நாள் விடுமுறை. குமரி மாவட்டத்திலோ உள்ளூர் விடுமுறை ஒரே நாள். காலாண்டுத் தேர்வும் நெருங்கியிருக்கும். ஓண லீவில் படித்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்த எபிரேயம் (பழைய ஏற்பாட்டின் மூல மொழி) முழுவதும் மகனின் கணக்கு நோட்டுக்கு அடியில் போய்விட்டது. ஜூன் மாதமே இரண்டு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, இடிக்கிற நாட்களை வீட்டுக்காரரோடு உட்கார்ந்து வட்டம் போட்டுவிடுங்கள்.

மொழிப் பாடத்தைச் சனிக்கிழமைக்குச் சேர்த்து வைக்காதீர்கள். நாலு மணி நேரம் ஒரே மூச்சில் படித்தது திங்களுக்குள் கரைந்துவிடும். தினம் இருபது நிமிஷம் படித்தது ஒட்டிக்கொள்ளும். நான் எபிரேயத்தின் 22 எழுத்துகளையும் அட்டையில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அதில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு எழுத்துகள் உண்டு: மூலை கூராக இருந்தால் தாலெத், வளைந்தால் ரேஷ். இதை என் ஆறு வயது மகள் என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். தோசை கேட்டு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பரீட்சை!

"ஊழியத்துக்குத்தானே படிக்கிறேன்" என்று சொல்லிப் பாத்திரம் கழுவாமல் நழுவுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் இதைச் சொன்னால் வீட்டில் யார் கேட்கிறார்கள்?

சேருமுன் அங்கீகாரத்தைப் பாருங்கள். 1818-இல் தொடங்கி, 1827-இல் டென்மார்க் அரசரின் சாசனம் பெற்ற செராம்பூர் கல்லூரியின் செனட்தான் நம் நாட்டின் பல செமினரிகளுக்கு (இறையியல் கல்லூரிகளுக்கு) பட்டம் தருகிறது. கையில் வாங்கப்போகும் பட்டத்தை உங்கள் டயோசிஸ் (சபைகளை நிர்வகிக்கும் திருமண்டலம்) ஏற்குமா என்று கேட்காமல் நாலு வருஷத்தைக் கொடுத்துவிடக் கூடாது.

எம்.டி.எச். (இறையியல் முதுநிலைப் பட்டம்) வரை போகிறவர்களுக்கு இன்னொன்று. தீசிஸ் தலைப்பை வீட்டுக்குப் பக்கத்தில் தேடுங்கள். லண்டன் மிஷன் சங்கத்தின் பழைய கடிதங்கள் லண்டனில், சோவாஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. கைக்குழந்தையோடு அங்கே போக முடியுமா? நான் முதலில் எடுத்த தலைப்புக்கு அந்தக் கடிதங்கள் இல்லாமல் முடியாது. கைடு ஆரம்பத்திலேயே எச்சரித்தார், கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்துத் தலைப்பை மாற்றினேன். இப்போது சபைப் பதிவேட்டில் பழைய ஞானஸ்நானப் பெயர்களைப் படிக்கிறேன். மகன் வெளித்திண்ணையில் வீட்டுப்பாடம் எழுதுகிறான், ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சாவியோடு காத்திருக்கிறார்.